மதுரையிலிருந்து குடும்பத்தோடு தூத்துக்குடி போனால் பார்க்க அப்படி என்ன இருக்கிறது?

கேட்டவர் வெள்ளிக்கிழமை மாலை மதுரையிலிருந்து கிளம்பி ஞாயிறு இரவுக்குள் வீடு திரும்ப வேண்டும் என்கிறார். கூட வருவது மூட்டுவலி உள்ள அம்மா, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். "கன்னியாகுமரி, ராமேஸ்வரம் அளவுக்கு அங்கே ஒன்றும் இல்லை என்கிறார்களே, உண்மையா?" என்பது கேள்வி.

நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் திருச்செந்தூர் போகிற வழியில் டீ குடிக்க இறங்குகிற ஊராகத்தான் தூத்துக்குடியை வைத்திருக்கிறார்கள். சூரிய உதயம், பாறை, மண்டபம், படகுச் சவாரி என்று வரிசையாகப் பார்க்க அங்கே ஏதும் இல்லை என்பது சரிதான். ஆனால் பாண்டி நாட்டுக்குக் கடல் வாசல் அந்த ஊர். உப்பு, மீன், பஞ்சு, கப்பல் என்று காலங்காலமாக வேலை செய்து வாழ்கிற ஊர். அந்த வேலையைப் பார்க்கத்தான் அங்கே போக வேண்டும். அதற்கு நேரம் தெரிந்து போகணும், அவ்வளவுதான்.

மாட்டுத்தாவணியிலிருந்து பஸ் உண்டு. ரயில் என்றால் கோவில்பட்டி, மணியாச்சி வழி. அம்மாவை நினைத்தால் கார் நல்லது. அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாக ஏறக்குறைய 140 கிலோமீட்டர். அருப்புக்கோட்டை தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல் நிலம் விரியும். அந்தக் கரிசலில் விளைந்த பருத்திதான் ஒரு காலத்தில் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் ஏறியது. ஊருக்குள்ளே நடுநாயகமாக இருக்கிற சாலைக்கு இன்றும் கிரேட் காட்டன் ரோடு என்றுதான் பெயர்.

சனிக்கிழமை விடியும் முன்பே பிள்ளைகளை எழுப்பிவிடுங்கள். முதலில் உப்பளம். திருச்செந்தூர் ரோட்டில் முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கம் போனால் சாலையை ஒட்டியே பாத்திகள் தொடங்கிவிடும். வடக்கே தருவைக்குளம் பக்கமும் உண்டு. குஜராத்துக்கு அடுத்து நாட்டிலேயே அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்தில்.

கடல் தண்ணீரை வாய்க்காலில் விட்டுக் காயவைப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இங்கே பெரும்பாலும் நிலத்தடியிலிருந்து எடுக்கிற உப்புத் தண்ணீர். அது முதலில் தெப்பம் என்கிற பெரிய தேக்கத்தில் நிற்கும். வெயிலில் சுண்டச் சுண்ட அடுத்தடுத்த பாத்திக்கு மாற்றிக்கொண்டே வருவார்கள். தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று 'டிகிரி' பார்க்கிற கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, 24, 25 டிகிரி வந்ததும் உப்பு இறங்கும் பாத்திக்குத் திறந்துவிடுவார்கள். அதற்கும் முன்னால் 'செய்நேர்த்தி' என்று ஒரு வேலை உண்டு. மழைக்காலம் முடிந்ததும் பாத்தியில் தேங்கிய சேற்றை வழித்தெடுத்து, தரையைக் காலால் மிதி மிதியென்று மிதித்துக் கெட்டிப்படுத்துவது. தரை இறுகாவிட்டால் உப்போடு மண்ணும் சேர்ந்து வந்துவிடும்.

பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். முழங்காலுக்குக் கீழே தண்ணீரில் நின்று, நீளமான கைப்பிடி வைத்த பலகையால் அடியில் கிடக்கிற உப்பை இழுத்து இழுத்து வரப்பு ஓரம் சேர்ப்பார்கள். அந்த உப்பு வெள்ளையாக இருக்காது. ஈரத்தில் லேசாகச் சாம்பல் ஓடியிருக்கும். தண்ணீர் வடிந்து காய்ந்த பிறகுதான் அந்த வெளுப்பு. அதைப் பாத்திரத்தில் அள்ளித் தலையில் சுமந்து, உப்பைக் குவித்து வைக்கிற தட்டுமேட்டில் கொட்டுவது பெரும்பாலும் பெண்கள். காலில் வெடிப்பு இருந்தால் உப்புத் தண்ணீர் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெயில் ஏறியதும் உப்பின் வெளிச்சம் கண்ணைப் பறிக்கும், அதனால்தான் இருட்டிலேயே வேலையை ஆரம்பித்துவிடுகிறார்கள். உங்கள் பிள்ளைகள் வீட்டுச் சமையலறையில் தினமும் பார்க்கிற ஒரு பொருள் இப்படித்தான் வருகிறது என்று இந்த ஒரு மணி நேரம் காட்டிவிடும்.

அம்மா காரில் உட்கார்ந்தே பார்க்கலாம். நீங்கள் இறங்குவதாக இருந்தால் கேட்டுவிட்டு இறங்குங்கள். வரப்பு வழுக்கும், இடிந்தால் பாத்தி கெட்டுப்போகும். ஆள் வேலை செய்யும்போது கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். இன்னொன்று, வடகிழக்குப் பருவமழை மாதங்களில் போனால் பாத்தியெல்லாம் குளமாகத்தான் கிடக்கும். பிப்ரவரி, மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரைதான் இதற்குக் காலம்.

அடுத்து பனிமய மாதா கோயில். இப்போது இருக்கிற கட்டடம் 1713ஆம் ஆண்டுடையது. உள்ளே இருக்கிற மாதா சுரூபம் 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பார்கள். "ஏழு கடல்துறைக்கும் ஏக அடைக்கலத் தாய்" என்று பரதவ மக்கள் சொல்வார்கள். சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். கடலுக்குப் போகிற வீட்டில் அடைக்கலம் என்ற சொல்லுக்கு இருக்கிற கனம் வேறு. ஜூலை 26இல் கொடியேற்றம், ஆகஸ்ட் 5இல் திருவிழா. நம் சித்திரைத் திருவிழாவுக்குச் சாதி மதம் பார்க்காமல் ஊரே ஆற்றுக்குள் இறங்குகிற மாதிரி, அன்றைக்கு அந்த ஊரே அந்தத் தெருக்களில் இருக்கும். தங்கத்தேர் வருஷா வருஷம் ஓடாது, விசேஷ ஆண்டுகளில் மட்டும்தான், 2023இல் ஓடியது. திருவிழா நாளில் அம்மாவை அழைத்துப் போக வேண்டாம், நெரிசல் தாங்காது. சாதாரண சனிக்கிழமைக் காலையில் போனால் உள்ளே நிம்மதியாக உட்காரலாம். அங்கிருந்து சங்கர ராமேசுவரர் கோயிலும், பக்கத்திலேயே பெருமாள் கோயிலும் தூரமில்லை.

கிரேட் காட்டன் ரோட்டில் டச்சுக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய தேவாலயம் ஒன்று நிற்கிறது. போர்த்துகீசியர்களிடமிருந்து 1658இல் ஊரைப் பிடித்தவர்கள் அவர்கள். ஆங்கிலேயர் கைக்கு ஊர் போன பிறகும் அந்தக் கட்டடம் பிழைத்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தாலே போதும்.

அந்த ரோட்டில் நடக்கும்போது எனக்கு எப்போதும் வ.உ.சி. ஞாபகம்தான். நான் ஹார்விப்பட்டிக்காரன். என் தாத்தா மதுரை ஹார்வி மில்லில் வேலை பார்த்தவர். அதே ஹார்வி முதலாளிகளுக்குத் தூத்துக்குடியில் இருந்ததுதான் கோரல் மில். 1908 பிப்ரவரி கடைசியில் அந்த மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்னால் நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். நிர்வாகம் இறங்கி வந்து, கூலி உயர்வுக்கும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்கும் ஒத்துக்கொண்டது. ஒரு வாரம்கூட முழுதாகக் கொண்டாட விடவில்லை, மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். நமக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்பது தானாக வந்த ஒன்றாகத் தெரிகிறது. மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அப்படித் தெரியக்கூடாது என்று தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பார்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1906 அக்டோபரில், அதே ஊரில்தான் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார் வ.உ.சி. காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் கொழும்புக்கு ஓடின. வெள்ளைக்காரக் கம்பெனி போட்டிக்குக் கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. வ.உ.சி. கோவைச் சிறையில் செக்கிழுத்துக்கொண்டிருந்த காலத்தில் சங்கம் நொடித்து, 1911இல் கலைக்கப்பட்டது. இன்றைக்குப் பெரிய துறைமுகத்துக்கு அவர் பெயர்தான். பிள்ளைகளிடம் இந்தக் கதையைப் பழைய துறைமுகம் பக்கம் கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்தி வைத்துச் சொல்லுங்கள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கேட்கிற கதை மனதில் நிற்கும்.

அங்கேதான் தோணிகளும் கட்டிக் கிடக்கும். மாலத்தீவுக்குக் காய்கறி, கட்டுமானச் சாமான் எல்லாம் ஏற்றிப்போகிற பெரிய மரக்கலங்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கிளம்பாது. உள்ளே போய்ப் பார்க்க அனுமதி வேண்டும். ரோட்டிலிருந்து பார்த்தாலே மரப்பலகைகளின் உயரம் பிள்ளைகளை வாய் பிளக்க வைக்கும்.

சனிக்கிழமையாகப் பார்த்துப் போகச் சொல்வதற்குக் காரணம் திரேஸ்புரம். அது நாட்டுப் படகுகள் வந்து சேருகிற கரை. ஞாயிறு பெரும்பாலானவர்கள் கடலுக்குப் போவதில்லை என்பதால் சனிக்கிழமையில் படகுகள் நிறையக் கரைக்குத் திரும்பும், ஏலம் சூடாக இருக்கும். சீலா, விளைமீன், ஊளி, பாறை என்று கூறு கூறாகக் கிடக்கும். மதுரையில் ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்துத் தருகிற சீலாவின் கண் மங்கி உள்ளே போயிருக்கும். இங்கே அது கண்ணாடி போலத் துருத்திக்கொண்டு நிற்பதை, செவுளைத் திறந்தால் உள்ளே ரத்தச் சிவப்பாக இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மீன் வாங்கப் பழகிவிடுவார்கள். விசைப்படகுகள் வேறு இடத்தில், மீன்பிடித் துறைமுகத்தில். அவை விடியற்காலை போய் அன்று இரவே திரும்புகிறவை, அதனால் அங்கே ராத்திரியில்தான் கூட்டம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகாது.

கடற்கரை என்று கேட்டால் முத்துநகர் கடற்கரையும் ரோச் பூங்காவும் இருக்கின்றன. பிள்ளைகள் மாலையில் ஓடியாட நல்ல இடம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் சில இந்த ஊருக்கு எதிரேதான் இருக்கின்றன. அவை கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருபவை, யாராவது படகில் கூட்டிப்போகிறேன் என்று சொன்னால் போகாதீர்கள். பவளப்பாறையைக் காப்பதற்காக வைத்த சட்டம், நாம் மதிக்க வேண்டும். முத்து வாங்குகிற ஆசையையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். முத்துக்குளிப்பு 1961க்குப் பிறகு அங்கே நடக்கவில்லை. கடையில் கிடைப்பது அந்தக் கடலில் எடுத்த முத்து இல்லை.

ராத்திரி சாப்பாடு பரோட்டா கடையில். அந்த ஊரில் 'நைட் கிளப்' என்று போர்டு தொங்கினால் பயப்பட வேண்டாம், பரோட்டா கடைக்கு அங்கே அதுதான் பழைய பெயர். பேக்கரியில் மக்ரூன் வாங்க மறக்காதீர்கள். முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரிப்பருப்பும்தான் சரக்கு. கூம்பு கூம்பாக, தந்த நிறத்தில் இருக்கும். பல்லில் வைத்ததும் மேல் ஓடு நொறுங்கும். நடுவில் முந்திரித் தூள் கொஞ்சம் இளகலாக நாக்கில் ஒட்டும். அந்த இளகல் இல்லையென்றால் அது பழைய சரக்கு. காற்றுப் பட்டால் நமத்துவிடும், அதனால் மூடி இறுகிய டப்பா ஒன்று கையோடு கொண்டு போங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு எல்லோரும் திருச்செந்தூரைத்தான் சொல்வார்கள். முருகனை எப்போது வேண்டுமானாலும் தரிசிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வரிசையில் மூட்டுவலியோடு அம்மாவை நிறுத்த வேண்டாம். நான் சொல்வது கொற்கை. ஏரல் பக்கம், வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சின்னக் கிராமம். பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் அதுதான். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்ணில் கடல் விலகிப் போய், இன்று கரை சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கொற்கை தூர்ந்ததும் வாணிகம் பக்கத்தில் இருந்த காயல் துறைமுகத்துக்குப் போனது, மார்க்கோ போலோ வந்தது அங்கேதான். அதன் பிறகுதான் தூத்துக்குடிக்குக் காலம் வந்தது. மதுரை எரிந்த பின் பட்டத்துக்கு வந்த வெற்றிவேற் செழியன் கொற்கையில் இருந்தவன் என்பது கண்ணகி கதை. அவன் பெயர் தாங்கிய அம்மன் கோயில் அந்த ஊரில் இருக்கிறது. பழைய வன்னி மரம் ஒன்றும் உண்டு, இரண்டாயிரம் வருஷம் என்கிறார்கள் ஊரார். டிக்கெட், கைடு எதுவும் கிடையாது. மீனாட்சி கோயில் நிழலில் வளர்ந்த பிள்ளைகள் ஒரு முறையாவது நின்று பார்க்க வேண்டிய மண் என்று மனதார நம்புகிறேன்.

நேரம் மிச்சமிருந்தால் ஆதிச்சநல்லூர். பழங்காலத்து மக்களைப் புதைத்த காடு, 1876இலிருந்து அவ்வப்போது தோண்டப்பட்டு வருகிற இடம். முதுமக்கள் தாழிகள் கிடந்த குழிக்கு மேலேயே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள், மேலே நின்று கீழே பார்க்கலாம். வெயிலுக்கு முன் முடித்துவிடுங்கள், அங்கே நிழல் குறைவு.

திரும்பும்போது நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் விலகினால் ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீடு, நினைவில்லமாக இருக்கிறது. பக்கத்திலேயே பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் கோட்டை, 1974இல் நினைவாகக் கட்டியது. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். எட்டயபுரத்தில் 1947இல் திறந்த பாரதி மணிமண்டபம் இருக்கிறது. முத்துசாமி தீட்சிதர் சமாதியும் உமறுப்புலவர் நினைவிடமும் அதே ஊரில்தான். இத்தனையும் ஒரே பிற்பகலில் முடியாது. அம்மா களைத்திருந்தால் ஒட்டப்பிடாரத்தை மட்டும் பார்த்துவிட்டு நேரே மதுரைக்கு வண்டியை விடுங்கள்.