கோடு கோப்புக்குள் விழுந்ததா? – வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பி.டி.எஃப். கோப்புகளில் ஹைலைட் செய்வது, ஓரக் குறிப்பு எழுதுவது பற்றியவை. சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

விண்டோஸ் கணினியில் காசு செலவழிக்காமல் ஹைலைட் செய்யவும் குறிப்பெழுதவும் எது நல்லது?
– வழக்கறிஞர், கும்பகோணம்

பி.டி.எஃப்.-எக்ஸ்சேஞ்ச் எடிட்டர். ஹைலைட், குறிப்பு, அம்புக்குறி எல்லாம் இலவசமாகவே கிடைக்கும். கட்டண வசதி எதையாவது தொட்டால் பக்கத்தில் அவர்கள் முத்திரை விழும். சேமிக்கும் முன் கவனியுங்கள். அக்ரோபேட் ரீடரும் போதும். கோடு போடுவதற்காக யாரும் சந்தா கட்ட வேண்டியதில்லை. மூலக்கோப்பைத் தொடாதீர்கள், நகலில் குறியுங்கள். உங்கள் தொழிலுக்கு இது இரட்டிப்பு முக்கியம்: மின்னணுக் கையொப்பமிட்ட ஆவணத்தில் ஒரே ஒரு கோடு போட்டுச் சேமித்தாலும், கையொப்பத்துக்குப் பின் மாற்றப்பட்டதாகக் காட்டக்கூடும்.

ஹைலைட் வேலை செய்யவில்லை. உடனே வழி சொல்லவும்.
– வாசகர், மயிலாடுதுறை

கைப்பேசியா, கணினியா? எந்த மென்பொருள்? எழுத்துக் கோப்பா, ஸ்கேன் செய்த படமா? மூன்றில் ஒன்றையும் சொல்லாமல் உடனே வழி கேட்டால் எப்படி? கீழே தஞ்சாவூர் மாணவிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். அதில் தீராவிட்டால் விவரத்தோடு எழுதுங்கள்.

காவிரி வழக்கில் 2018-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் கைப்பேசியில் படித்து, நம் பங்கு 192 டி.எம்.சி.யிலிருந்து 177 ஆன பகுதிகளை மஞ்சளில் குறித்தேன். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினால் யாருக்கும் மஞ்சள் தெரியவில்லை.
– விவசாயி, மன்னார்குடி

நானூறு பக்கத்துக்கு மேற்பட்ட தீர்ப்பை உட்கார்ந்து படித்திருக்கிறீர்கள். அந்த உழைப்பு வீண்போகக் கூடாது. உங்கள் செயலி கோடுகளைத் தன் கிடங்கில் தனியாக வைத்திருக்கிறது. நீங்கள் அனுப்பியது கோடில்லாத மூலக்கோப்பை. செயலிக்குள்ளேயே 'குறிப்புகளுடன் பகிர்' அல்லது 'ஏற்றுமதி' என்று இருக்கும். அந்த வழியாக அனுப்புங்கள். குறிப்புகளைக் கோப்புக்குள்ளேயே எழுதும் முறை பி.டி.எஃப். தரத்தில் இருக்கிறது. 2008-லேயே அது ஐ.எஸ்.ஓ. தரமாகிவிட்டது. அதைப் பின்பற்றாத செயலி எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். சோதனை எளிது: குறித்துச் சேமித்த கோப்பை வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் அது உங்கள் குறிப்பு. தெரியாவிட்டால் அந்தச் செயலி மூடப்படும் நாளில் குறிப்பும் போய்விடும்.

பழைய தமிழ் நூல்களும் அறிக்கைகளும் பி.டி.எஃப்.-ஆக வைத்திருக்கிறேன். சிலவற்றில் சொல்லைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை. சிலவற்றில் நகலெடுத்தால் கிறுக்கலாக வருகிறது. தமிழுக்கேற்ற மென்பொருள் எது?
– ஆய்வு மாணவி, தஞ்சாவூர்

மென்பொருளைத் தேடுவதற்கு முன் கோப்பைப் பாருங்கள். குறை அங்கேதான் இருக்கிறது. தேடல் பெட்டியில் கண்ணெதிரே இருக்கும் ஒரு சொல்லைத் தட்டுங்கள். அகப்படாவிட்டால் மூன்றில் ஒரு காரணம்.

முதலாவது, பக்கம் வெறும் படம். டெசராக்ட் என்ற மென்பொருள் படத்திலுள்ள தமிழ் எழுத்துகளைப் படித்தறியும், ஓ.சி.ஆர்.மை-பி.டி.எஃப். என்ற மென்பொருள் அதைக் கொண்டே படத்துக்கு அடியில், தேடக்கூடிய எழுத்தடுக்கைச் சேர்த்துத் தரும். 300 டி.பி.ஐ.க்கு (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) குறையாமல் ஸ்கேன் செய்திருக்க வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சென்றால் பழைய வடிவ லை, னை, றா ஆகியவற்றில் நிறையத் தடுமாறும். மேற்கோள் எடுக்கும் முன் ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

இரண்டாவது, பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிகூட உள்ளே ஓர் அரைப்புள்ளிதான். நகலெடுத்து என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற எழுத்துரு மாற்றியில் போட்டால், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடாகும்.

மூன்றாவதுதான் என் வயிற்றெரிச்சல். எழுத்துரு யூனிகோடுதான், ஆனால் பி.டி.எஃப். ஆக்கியவர் சரிபார்க்கவில்லை. 'கொள்ளிடம்' என்ற சொல்லில் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிவாகியிருக்கும். 'கொள்ளிடம்' என்று சரியாகத் தட்டினால் எப்படி அகப்படும்? அறிக்கை முழுக்கக் கொள்ளிடம் இருக்கும். தேடினால் 'இல்லை' என்று வரும். தமிழ்நாட்டு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-இல். அதற்குப் பிறகும் அலுவலகங்களும் பதிப்பகங்களும் தேட முடியாத கோப்புகளை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. எழுத்தாகவே கையில் இருப்பதை அச்சிட்டு, ஸ்கேன் செய்து, கோணலான படமாக ஏற்றுகிறவர்களும் உண்டு. வெளியிடும் முன் ஒரே ஒரு சொல்லைத் தேடிப் பார்க்க அரை நிமிடம் ஆகுமா? அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடித்ததற்கு ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

உங்களால் முடிந்தது: சொல் ஹைலைட்டை விட்டுவிட்டுச் செவ்வகக் கருவியால் பகுதியைக் குறியுங்கள். அதன் குறிப்புப் பெட்டியில் முக்கியச் சொற்களை யூனிகோடில் தட்டுங்கள். பிறகு குறிப்புப் பட்டியலில் தேடினால் அகப்படும். வெளியிட்டவரிடம் மூல வேர்டு கோப்பையும் கேட்டு எழுதுங்கள். கேட்டால்தான் மாறுவார்கள்.

பயிர்க் காப்பீட்டுக்கான ஆவணத்தில் ஆதார் எண் மேல் கறுப்புப் பெட்டி வைத்து அனுப்பினேன். பாதுகாப்பானதுதானே?
– வாசகர், நாகப்பட்டினம்

இல்லை. அந்தப் பெட்டியும் ஒரு குறிப்புதான். பெறுகிறவர் அதைச் சொடுக்கி நகர்த்திவிட்டு எண்ணைப் படிக்கலாம். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதார் கிடைக்கிறது. ஏற்கப்படும் இடங்களில் அதையே கொடுங்கள். மற்ற ஆவணங்களைத் தாளில் மறைத்து ஸ்கேன் செய்யுங்கள். பட்டா, ஆதார் போன்றவற்றை முன்பின் தெரியாத இலவச இணையதளங்களில் ஏற்றித் திருத்தாதீர்கள்.

கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்டன. கட்டுரைகளைச் சேர்த்து அடுக்கிவைக்கும் ஜோட்டெரோ மென்பொருள் உதவுமா?
– கல்லூரி ஆசிரியர், திருவாரூர்

நன்றாகவே உதவும். 2022-இல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து படிப்பதும் குறிப்பதும் அதற்குள்ளேயே முடியும். குறிப்புகளை மேற்கோள் விவரத்தோடு ஒரே பக்கமாகத் திரட்டியும் தரும். ஆனால் கோடுகளைத் தன் தரவுத்தளத்தில்தான் வைக்கும். மன்னார்குடி வாசகருக்குச் சொன்னதேதான்: ஏற்றுமதி செய்து, வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். இலவச இணைய இடம் 300 எம்.பி. மட்டும்.

லினக்ஸில்?
– மாணவர், பட்டுக்கோட்டை

ஆக்குலர்.

எத்தனை வண்ணங்கள் வைத்துக்கொள்ளலாம்?
– ஆசிரியை, திருவையாறு

மூன்று. கறுப்பு வெள்ளையில் அச்சிடுவதாக இருந்தால் மூன்றுமே ஒரே சாம்பலாக விழும். அப்போது அடிக்கோடு போடுங்கள்.