மெத்தனால மொத்தமா ஊத்துனா லிப்பேஸ் ஏன் படுத்துடுது?

சுங்கை சிப்புட்ல ஆறாம் படிவம் படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு: “பொரிச்சு மிஞ்சுன பாமாயில் 100 கிராம், மணி மணியா வர்ற லிப்பேஸ் (எண்ணெய உடைக்கிற என்சைம்), 15 மில்லி மெத்தனால், மூணையும் சேர்த்து பயோடீசல் செஞ்சேன். கொஞ்ச நேரம் ஓடி நின்னுடுச்சு. அதே மணிய கழுவி திரும்ப போட்டா அசையவே இல்ல. கூட ஹெக்சேன்ங்கிற கரைப்பான ஊத்துனா என்சைம் பொழைக்குமா?”

தம்பி, கணக்கு சரிதான், ஊத்துன விதம்தான் தப்பு. ஒரு எண்ணெய் மூலக்கூறுக்கு மூணு மெத்தனால் வேணும், 100 கிராமுக்கு கிட்டத்தட்ட 14, 15 மில்லி வரும். ஆனா அவ்வளவையும் எண்ணெய் ஒரே நேரத்துல கரைச்சுக்காது, மிச்சம் துளித்துளியா தனியா சுத்தும், அந்த துளி மணில ஒட்டுனா அங்க என்சைம சுத்தி இருக்கிறது முழுக்க மெத்தனால்தான்.

என்சைம்ங்கிறது மடிச்சு வச்ச சங்கிலி, எண்ணெய் குணம் உள்ள பக்கம் உள்ள ஒளிஞ்சிருக்கும், வெளிய லேசா தண்ணி ஒட்டியிருக்கும். அந்த தண்ணிதான் அதுக்கு கிரீஸ் மாதிரி, அது இருந்தாதான் சங்கிலி வளைஞ்சு நெளிஞ்சு வேலை செய்யும். மெத்தனால் அந்த தண்ணிய உருவிக்கிறது மட்டுமில்லாம உள்ளயும் பூந்து மடிப்ப கலைச்சு விட்டுடும், கலைஞ்சது பெரும்பாலும் திரும்ப மடியாது, அதான் நீ கழுவியும் எழுந்திருக்கல. (எங்க மில்லுல கத வேற லா. அடிபட்ட செம்பனை பழத்துல அதோட சொந்த லிப்பேஸே எண்ணெய கெடுத்துடும், அதனால பழம் வந்ததும் ஆவில வேகவச்சு அத கொல்றதுதான் எங்க வேலை.)

ஹெக்சேன் தண்ணிய தொடாது. ரொட்டி சானாய் மாவு உருண்டைய எண்ணெய்ல ஊற வைக்கிறாங்கல்ல, ஈரம் உள்ளயே நிக்கும், அது மாதிரி. ஆனா அதுல என்சைம் வெறைப்பாயிடும், வேலை மெதுவாகும், அந்த வெறைப்பே சூட்டுலேருந்து காப்பாத்தவும் செய்யும். 1984ல சாக்ஸ், கிளிபனோவ் ரெண்டு பேரும் பன்றி கணைய லிப்பேஸ, தண்ணி ரொம்ப கம்மியா உள்ள கரைப்பான்ல போட்டு 100 டிகிரில மணிக்கணக்கா வேலை செய்ய வச்சு காட்டுனாங்க, தண்ணில அந்த சூட்டுக்கு அது உடனே செத்துடும்.

ஆனா உனக்கு ஹெக்சேன் வேணாம், மெத்தனால் அதோட சரியா கலக்காது, துளி பிரச்சினை அப்படியே நிக்கும். பொதுவா கரைப்பானோட எண்ணெய் குணத்த காட்டுற லாக் பி எண் 2க்கு கீழ இருந்தா என்சைமுக்கு ஆகாது, 4க்கு மேல இருந்தா நல்லதும்பாங்க. டெர்ட்-பியூட்டனால்ங்கிற ஆல்கஹால் கரைப்பானுக்கு அது 0.4 கூட வராது, ஆனாலும் இந்த வேலைக்கு அதுதான் தோது, மெத்தனாலையும், பயோடீசலோட கூடவே உண்டாகுற கிளிசரினையும் ரெண்டையும் கரைச்சுக்கும், மணிமேல கிளிசரின் பிசுபிசுன்னு ஒட்டாது. எண்ணெய் அளவுக்கே ஊத்தி பாரு.

அது கிடைக்கலன்னா மெத்தனால 5 மில்லியா மூணு தடவை ஊத்து, மொத ஊத்துனது தீர்ந்தப்புறம்தான் அடுத்தது. மணி புதுசா எடு, ஓவன்ல வச்சு காயவைக்காத. மெத்தனால் விஷம், ஆவியும் பிடிக்கக்கூடாது, பக்கத்துல அடுப்பு ஆகாது, வாத்தியார் கூட இருக்கணும். டெர்ட்-பியூட்டனால் 25 டிகிரிலயே ஒறைஞ்சிடும், ஏர்கான் லேப்ல பாட்டிலுக்குள்ள கல்லு மாதிரி கெடந்தா கெட்டுப்போச்சுன்னு கொட்டிடாத, வெதுவெதுப்பு தண்ணில வச்சா உருகிடும்.