மினிடிவி கேசட்டின் தெளிவு கணினிக்கு வருமா?

கேள்வி: 2004-இல் நடந்த என் அக்காவின் திருமணம் மினிடிவி (MiniDV) எனும் சிறு டிஜிட்டல் வீடியோ கேசட்டுகளில் இருக்கிறது. கேமராவை யுஎஸ்பி கேபிளால் கணினியுடன் இணைத்துப் பதிவு செய்தால் படம் கட்டம் கட்டமாக, மங்கலாக வருகிறது. கேமராவின் சிறு திரையிலோ தெளிவாகத் தெரிகிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: குறை கேசட்டில் இல்லை, கேபிளில்தான் இருக்கிறது. அக்காலக் கேமராக்கள் பலவற்றில் யுஎஸ்பி வசதி புகைப்படங்களை எடுப்பதற்கும் வெப்கேமராவாகப் பயன்படுத்துவதற்குமே தரப்பட்டிருந்தது. அதன் வழியே வரும் வீடியோ சுருங்கிய படமே. அதற்குப் பதில் ஃபயர்வயர் என்ற இணைப்பைப் பயன்படுத்துங்கள். சோனி கேமராக்களில் 'ஐ.லிங்க்' என்று எழுதப்பட்டிருக்கும் சிறிய நான்கு முனைத் துளைதான் அது. கேசட்டில் ஏற்கெனவே டிஜிட்டலாகப் பதிவாகியுள்ள தகவலை ஃபயர்வயர் அப்படியே கணினிக்கு அனுப்புவதால், அங்கே தரம் குறைய இடமே இல்லை.

மேசைக் கணினியில் ஃபயர்வயர் கார்டு பொருத்திக்கொள்ளலாம். ஒரு முனையில் ஃபயர்வயரும் மறுமுனையில் யுஎஸ்பியும் உள்ள மலிவான கேபிளை மட்டும் வாங்கிவிடாதீர்கள். இரண்டும் வெவ்வேறு முறையில் பேசுபவை என்பதால், முனை பொருந்தினாலும் வீடியோ வராது.

விண்டோஸில் 'வின்டிவி' (WinDV) போன்ற சிறிய இலவச மென்பொருள் போதும். பதிவாகும் ஏவிஐ கோப்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும். ஒரு கோப்புக்கு 4 ஜிபி வரம்புள்ள ஃபேட்32 பென்டிரைவில் அது அடங்காது. அந்த வரம்பு இல்லாத என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள். இடம் அதிகம் என்று அஞ்சி உடனே அளவைச் சுருக்கும் எம்பி4 ஆக்கி மூலத்தை அழிப்பவர்கள் உண்டு, அது வேண்டாம். உறவினருக்கு அனுப்ப எம்பி4 நகல் தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

கணினித் திரையில் மணமக்கள் நடக்கும்போது உருவத்தின் ஓரங்களில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் தெரிந்தால் பதறாதீர்கள். பால் (PAL) எனும் வீடியோ முறையில் நொடிக்கு 50 அரைப் படங்களாகப் பதிவானதை இரண்டிரண்டாகச் சேர்த்துக் காட்டுவதால் வரும் தோற்றம் அது. மூலக் கோப்பைத் தொடாமல், எம்பி4 நகல் எடுக்கும்போது 'டீஇன்டர்லேஸ்' (அந்த அரைப் படங்களை முழுப் படங்களாக்குவது) செய்தால் போதும். 720×576 என்ற பட அளவைப் பெரிதாக்க வேண்டியதில்லை.

பதிவுக்கு முன் கேசட்டை ஒருமுறை இறுதிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றுங்கள். எல்பி முறையில் (கூடுதல் நேரம் பிடிக்க நாடாவை மெதுவாக ஓட்டி) பதிவான கேசட் என்றால், எடுத்த அதே கேமராவிலேயே ஓட்டுவது நல்லது.