‘இல்லை’ என்று சொல்வதற்கு முன்

அன்புள்ள ஐயா,

இதழியல் முடித்திருக்கிறேன். கல்லூரிப் பட்டிமன்றங்களில் நிறையப் பரிசுகள் வாங்கியிருக்கிறேன். அரசியல் தகவல்தொடர்பு வியூகம் வகுப்பவராகவும், பின்னாளில் அரசு செய்தித் தொடர்பாளராகவும் ஆக ஆசை. மேற்கொண்டு என்ன படிக்கலாம்? பொய் சொல்லாமல் இந்த வேலையில் காலம் தள்ள முடியாது என்கிறார்களே, உண்மையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மேற்படிப்பு வேண்டாம். ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் இரண்டு மூன்று வருடம் வேலை பாருங்கள். வியூகமெல்லாம் பிறகு தானே வரும். பட்டிமன்றப் பரிசுகளை நீங்கள் தகுதியாக எழுதியதுதான் எனக்குக் கவலை தருகிறது. விஷயம் தெரியாதபோதும் வாய் முந்திக்கொள்ளும் பழக்கத்தை அந்த மேடைகள் வளர்க்கின்றன. இந்த வேலையில் ஆளைக் கவிழ்ப்பது அந்தப் பழக்கம்தான்.

பொய்யைப் பற்றிக் கேட்டீர்கள். சில நாட்களாக என் மனதில் ஓடுவதும் அதுதான். தெரிந்து பொய் சொன்னவர்களை விடுங்கள். தெரியாமல் மறுத்தவர்களைப் பாருங்கள். 1983 அக்டோபர் 24 அன்று, கரீபியன் தீவு நாடான கிரெனடாவில் அமெரிக்கப் படை இறங்கப்போகிறதா என்று சிபிஎஸ் தொலைக்காட்சிச் செய்தியாளர் பில் பிளான்ட் வெள்ளை மாளிகையில் கேட்டார். அதிபர் ரீகனின் செய்தித் தொடர்பாளர் லாரி ஸ்பீக்ஸ் தேசியப் பாதுகாப்புப் பிரிவில் ஜான் பாயிண்டெக்ஸ்டரிடம் விசாரித்தார். அபத்தம் என்று பதில் வந்தது. அதையே ஸ்பீக்ஸ் திருப்பிச் சொன்னார். மறுநாள் காலை படை இறங்கிவிட்டது. ஸ்பீக்ஸுக்குத் துணையாக இருந்த லெஸ் ஜாங்கா சில நாட்களில் பதவி விலகினார்.

ஆகவே ஒரு ‘இல்லை’ சொல்வதற்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. கேள்வியைச் செய்தியாளர் கேட்ட அதே சொற்களில் எழுதிக்கொள்ளுங்கள். “நாளை படை இறங்குமா?” என்பதை “போர் வருமா?” என்று மாற்றிக் கேட்டால் பதிலும் மாறும். முடிவெடுப்பவரிடமே கேளுங்கள், அவருடைய உதவியாளரிடம் அல்ல. சொன்னவர் பெயரையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். பிறகு இன்னொன்றையும் கேளுங்கள்: “இதை நான் மறுத்துப் பேசினால் நாளைக்கும் அது நிற்குமா?” எதிர்முனையில் ஒரு நொடி தயக்கம் வந்தாலும் மறுக்காதீர்கள். “எனக்குத் தெரிந்தவரை இல்லை” என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். தலைப்புச் செய்தியில் முதல் இரண்டு சொற்களும் ஏறாது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, பலர் இதில் விழுகிறார்கள். வதந்தி பொய்யானால் “இல்லை” என்றும், மெய்யானால் “கருத்துச் சொல்வதற்கில்லை” என்றும் பேசினால், செய்தியாளர்கள் சில வாரங்களில் உங்கள் மௌனத்தையே ஆமாம் என்று படிக்கத் தொடங்கிவிடுவார்கள். படை நகர்வு, நாணய மதிப்புக் குறைப்பு, அமைச்சர் நீக்கம் ஆகியவற்றுக்கு எந்நாளும் ஒரே பதில்தான். ஒன்றுமே நடக்காத நாளிலும், “இல்லை” என்று சொல்ல நாக்கு துடித்தாலும், “இதுபற்றிப் பேசுவதில்லை” என்றே சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிப் பழகியிருந்தால்தான் நெருக்கடி நாளில் அந்தச் சொல் உங்களைக் காப்பாற்றும்.

அதையும் மீறித் தவறான தகவல் போய்விட்டால், அன்றைக்கே, அதே செய்தியாளர்களிடம், நீங்களே திருத்துங்கள்.

உங்களிடமே மறைத்தால் என்ன செய்வது? அமெரிக்க அதிபர் ஃபோர்டின் செய்திச் செயலாளர் ஜெரால்ட் டெர்ஹார்ஸ்ட் பதவியில் இருந்தது ஏறக்குறைய ஒரு மாதம். முன்னாள் அதிபர் நிக்சனுக்கு அதிகாரபூர்வ மன்னிப்பு வரப்போவதை அவரிடம் மறைத்திருந்தார்கள். 1974 செப்டம்பர் 8 அன்று மன்னிப்பு அறிவிக்கப்பட்டது; அன்றே பதவி விலகிவிட்டார். அவர் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

வேலை கிடைக்கும்போது சம்பளத்துக்கு முன் இதைப் பேசிவிடுங்கள்: எந்தெந்தக் கூட்டங்களில் எனக்கு நாற்காலி உண்டு? முடிவெடுப்பவரை நேராகக் கூப்பிட்டுக் கேட்க அனுமதி உண்டா? பதில் மழுப்பலாக வந்தால் சேராதீர்கள்.

அன்புடன்.