எங்களைப் போலப் பசங்க இருக்கிற புத்தகம் எங்கே?

வாசகர் கேள்விகளுக்கு, கோபிசெட்டிபாளையத்தில் இருந்து ஓய்வுபெற்ற நூலகர் ஒருவரின் பதில்கள்.

கேள்வி: எங்க வீட்டில் தறி ஓடுதுங்க. பையன் நாலாவது படிக்கிறான். கதைப் புத்தகம் வாங்கித் தந்தால் படம் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறான். போன இதழில் பெவர்லி கிளியரி என்ற அமெரிக்க எழுத்தாளர் பெயரைச் சொன்னீர்கள். அவரிடம் இதற்கு வழி இருக்கிறதா?
(வாசகி, பல்லடம்)

பதில்: அவரே அப்படி இருந்த பிள்ளைதான் அம்மிணி. 1916-இல் ஓரிகன் மாநிலத்தில் பிறந்தவர். யாம்ஹில் என்ற சிற்றூரில் பண்ணை வீடு. ஊரில் நூலகம் இல்லாததால் அவருடைய அம்மா மாநில நூலகத்திலிருந்து புத்தகங்களை வரவழைத்து, வங்கி மாடியில் ஓர் அறையில் வைத்து ஊராருக்கு இரவல் கொடுத்தார். அந்த அம்மாவின் மகளைத்தான் போர்ட்லாண்ட் பள்ளியில், ஒன்றாம் வகுப்பில், வாசிக்கத் தெரியாதவர்கள் வரிசையில் உட்கார வைத்தார்கள். புத்தகம் என்றாலே வெறுப்பாகிவிட்டது. மூன்றாம் வகுப்பில், மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, படம் பார்க்கலாம் என்று ஒரு புத்தகத்தை எடுத்தவர், தன்னை அறியாமல் படிக்க ஆரம்பித்திருந்தார். அதனால் உங்க பையன் படம் பார்க்கட்டும், விடுங்கள்.

பின்னாளில் அவருடைய மகனுக்கும் நாலாம் வகுப்பில் வாசிப்பு கசந்தது. பையனுக்கு ஆசை மோட்டார் சைக்கிள் மேல். அம்மா, பொம்மை மோட்டார் சைக்கிள் ஓட்டும் ஒரு எலியின் கதையை எழுதினார். 1965-இல் வந்தது. உங்க பையனுக்கு எது மேல் ஆசை? ரேக்ளா பந்தயமா, லாரியா, கிரிக்கெட்டா? அதைப் பற்றி இருந்தால் பழைய செய்தித்தாள் துண்டு கூடப் போதும். கொடுங்கள்.

கேள்வி: குழந்தைகளுக்குக் கதை எழுத ஆசை. ஆனால் எங்க ஊரில் கதைக்கு என்ன இருக்கிறது?
(வாசகர், அவிநாசி)

பதில்: இதைக் கேட்டால் எனக்குக் கோபமே வருகிறது தம்பி. கிளியரி எழுத வந்த காரணமே இதுதான். வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா என்ற ஊரில் அவர் குழந்தைகள் நூலகராக இருந்தபோது, சில பையன்கள் வந்து, "எங்களைப் போலப் பசங்க இருக்கிற புத்தகம் எங்கே?" என்று கேட்டார்கள். அலமாரியில் அப்படிப்பட்ட புத்தகம் கிட்டத்தட்ட இல்லை.

பல வருடம் கழித்து, புது வீட்டு அலமாரியில் ஒரு கட்டுத் தட்டச்சுத் தாள் கிடைத்தது. இனி எழுத வேண்டியதுதான் என்றார். எழுதேன் என்றார் கணவர். வீட்டில் கூரான பென்சிலே இல்லையே என்று இவர் சொல்ல, மறுநாள் கணவர் பென்சில் சீவும் கருவி வாங்கி வந்துவிட்டார்! 1950-இல் முதல் புத்தகம் வந்தது. கதை என்ன? தெருநாயை பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுபோகப் பாடுபடும் ஒரு பையன். அவ்வளவுதான். அப்புறம் வந்த ரமோனா என்ற வாண்டு, முதல் கடிதான் ருசி என்று ஒரு பெட்டி ஆப்பிளையும் ஒவ்வொரு கடி கடித்து வைப்பாள். அதே ரமோனாவின் அப்பாவுக்கு இன்னொரு புத்தகத்தில் வேலை போய்விடும். வீட்டில் காசில்லாத மாதங்களைக் குழந்தை எப்படிப் பார்க்கிறது என்று மறைக்காமல் எழுதியிருக்கிறார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அதுதான்.

நான் வேலை பார்த்த கிளை நூலகத்துக்குச் சாயங்காலம் பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் பிள்ளைகள் வருவார்கள். அம்மாவுக்கு ஷிப்ட் முடியும் வரை அங்கேதான். அங்கே இருந்த கதைப் புத்தகங்களில் மந்திரவாதி உண்டு, ஏழு கடல் தாண்டிய இளவரசி உண்டு. அம்மா வரும் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிற ஒரு பெண்பிள்ளையின் கதை ஒன்றுகூட இல்லை. அதை எழுதுங்கள் தம்பி. மாரியம்மன் கோயில் திருவிழாவில் கம்பத்தைச் சுற்றி ஆடப்போய்ப் புதுச் சட்டையைக் கிழித்துக்கொண்டவனை எழுதுங்கள். மஞ்சள் காயும் களத்தில் ஓடி வசவு வாங்கினவளை எழுதுங்கள்.

கேள்வி: அவருக்கு விருது கிடைத்ததா? ஆறாம் வகுப்புக்கு அவருடைய எந்தக் கதையைச் சொல்லலாம்?
(ஆசிரியை, சங்ககிரி)

பதில்: கிடைத்தது. 1984-இல் நியூபெரி பதக்கம், அமெரிக்காவில் குழந்தைகள் புத்தகத்துக்குத் தருகிற பெரிய விருது. விருது பெற்ற அந்தக் கதையையே சொல்லுங்கள் டீச்சர். ஒரு பையன் எழுத்தாளர் ஒருவருக்கு எழுதும் கடிதங்களும் அவனுடைய நாட்குறிப்பும்தான் முழுக் கதை. அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். அப்பா லாரி ஓட்டுகிறார், சொன்ன நேரத்துக்கு போன் வராது. பெற்றோர் பிரிந்த ஒரு பையனைப் பற்றி எழுதுங்கள் என்று இரண்டு சிறுவர்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே, கேட்டதால் எழுதியது இது. கிளியரி 2021 மார்ச்சில், 104 வயதில் காலமானார். பாதிக் கதை சொல்லி நிறுத்திப் பாருங்கள். எங்கப்பா இப்போ எந்த ஊருக்கு லோடு போயிருக்கார் தெரியுமா என்று உங்கள் பிள்ளைகளே ஆரம்பித்துவிடுவார்கள்.