கல்லூரியின் உள் ஆய்வு நிதிக்கு விண்ணப்பிப்பது எப்படி?

எம்.டி. படிக்கிறேன், கல்லூரி தரும் முன்னோட்ட ஆய்வு (பெரிய ஆய்வுக்கு முன் செய்து பார்க்கும் சிறிய ஆய்வு) நிதிக்கு முதல்முறை விண்ணப்பிக்கிறேன், எதில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பட்ஜெட்டில் தொடங்குங்கள். வேலூர் சி.எம்.சி.யின் ஃப்ளூயிட் ரிசர்ச் கிராண்ட் போன்ற உள்நிதிகளில் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குச் சொல்ல வேண்டும். உதாரணமாக, ரத்தம் போன்ற மாதிரிகளில் ஒரு பொருளின் அளவைப் பார்க்கும் எலைசா பரிசோதனையின் ஒரு கிட்டில் 96 குழிகள். ஏழு ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த ஒப்பீட்டு மாதிரி), ஒரு பிளாங்க் (அந்தப் பொருள் இல்லாத வெற்று மாதிரி), எல்லாம் இரட்டையாகப் போட்டால் 16 போய்விடும். மிச்சம் 80. நோயாளிகளின் மாதிரியும் இரட்டை என்றால் 40 பேர்தான். 45 பேர் என்று எழுதிவிட்டு ஒரே கிட்டுக்குப் பணம் கேட்டால், லேப் தெரிந்தவர் உடனே பிடித்துவிடுவார்.

அடுத்து, நோக்கம். மருந்து வேலை செய்கிறது என்று நிரூபிக்கப் போவதாகத் தயவுசெய்து எழுதாதீர்கள். இவ்வளவு சின்ன எண்ணிக்கைக்கு அந்த வலு கிடையாது. மாதம் எத்தனை பேர் சம்மதிக்கிறார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றுவிடுகிறார்கள், அளவீடு எவ்வளவு சிதறுகிறது என்பவைதான் முன்னோட்டத்தின் கேள்விகள். ஒரு பிரிவுக்கு 12 பேர் என்று பலரும் சொல்லும் கணக்கும் இதற்காகத்தான்.

நெறிமுறைக் குழு விண்ணப்பத்தையும் கூடவே தயார் செய்யுங்கள். சிகிச்சைச் சோதனை என்றால், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே இந்தியாவின் சிகிச்சைச் சோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிய வேண்டும். நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கிய பிறகு பதிவது 2018 ஏப்ரலிலிருந்து கிடையாது.