ஆங்கிலச் சொற்களின் பூர்வீகம் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

கேள்வி இதுதான்: "அபூர்வமான ஆங்கிலச் சொற்களின் பொருள், அவை எங்கிருந்து வந்தன என்பதையெல்லாம் தெரிந்துகொள்வதால் நடைமுறையில் ஏதாவது பயன் உண்டா?"

கேட்டவர் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர் என்று நினைக்கிறேன். மதிப்பெண் கணக்கைச் சொல்ல வேறு ஆட்கள் வருவார்கள். ஒரே ஒரு சொல்லின் பழைய பொருள் தெரியாமல் 500 பிரதி அச்சடித்து அசிங்கப்பட்டவன் என்ற தகுதியில் நான் பதில் எழுதுகிறேன். அதுவும் அபூர்வமான சொல்கூட இல்லை. என் மகள் மூச்சுக்கு மூச்சு சொல்கிற 'ரேண்டம்'.

எனக்குக் கடலூர் பக்கம் குண்டு உப்பலவாடி. பெயரைக் கேட்டதும் சிரிப்பு வருகிறதா? எல்லாருக்கும் வரும். பி.காம். முடித்துவிட்டுப் புதுச்சேரியில் ஒரு கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். படிவத்தைப் பார்த்த மேனேஜர், "குண்டுன்னா வெடிகுண்டா, இல்ல ஆளுங்க குண்டா?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். வேலை கிடைத்தது. அங்கே இருந்த மூன்று வருடமும் எனக்குக் 'குண்டு' என்றுதான் பெயர். அப்போது என் எடை 52 கிலோ.

அந்தக் கடுப்பில்தான் ஊர்ப் பெயரைத் தோண்டத் தொடங்கினேன். கதை பெரியது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1690-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியர்களிடமிருந்து விலைக்கு வாங்கியது. அப்போது செஞ்சியில் இருந்தவர் மராத்திய அரசர் ராஜாராம், சென்னையில் கும்பினியின் கவர்னர் எலிஹு யேல். கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் சேர்த்தி. எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும். நாலு திசையிலும் சுட்டார்கள். குண்டு எட்டிய எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் எல்லாம் 'குண்டு கிராமங்கள்' ஆயின. கடலூரில் குண்டு சாலை என்றே ஒரு சாலை இன்றும் இருக்கிறது. அந்தக் கோட்டைதான் செயின்ட் டேவிட் கோட்டை. 1758-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்துவிட்டார்கள்.

எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேக மலருக்கு இதைத்தான் கட்டுரையாக எழுதிக் கொடுத்தேன். கோட்டையை விற்ற அந்தப் பேச்சில், குண்டு எட்டுகிற தூரம் 'ரேண்டம் ஷாட்' என்று ஆங்கிலத்தில் வருகிறது. நான் என்ன செய்தேன்? 'குறியில்லாமல்' என்று இன்றைக்குத் தெரிந்த பொருளை எடுத்து அப்படியே போட்டேன். "வெள்ளைக்காரன் குருட்டாம்போக்கில் நாலு பக்கமும் சுட்டான், குண்டு விழுந்த இடமெல்லாம் அவன் சொத்தாயிற்று" என்று உணர்ச்சி பொங்க எழுதினேன். மலர் வெளியான அன்று பொன்னாடைகூடப் போர்த்தினார்கள்.

    

இரண்டாம் நாள் ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கையில் தலையணை மொத்தத்துக்கு ஓர் ஆங்கில அகராதி.

"தம்பி, கண்ண மூடிக்கிட்டுச் சுட்டா எல்லை எப்படிப்பா போட முடியும்? வாங்கினவன் வியாபாரி."

அவர் காட்டிய பிறகுதான் விளங்கியது. 'ரேண்டம்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். முதலில் அதற்குப் பொருள், தலைதெறிக்கப் பாய்கிற வேகம். அப்படி ஓடுகிறவன் வழி பார்த்தா ஓடுவான்? அதனால் 'குறியில்லாமல்' என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. பீரங்கிக்காரர்களுக்கு மட்டும் அது ஒரு தொழில்சொல். குழாயைக் கிடையாக வைக்காமல் மேல்நோக்கித் தூக்கிச் சுட்டால் குண்டு எட்டுகிற தூரம்தான் 'ரேண்டம்'. வாத்தியார் உடனே என் மகளின் நோட்டில் படம் போட்டு, 45 பாகை, காற்றுத்தடை என்று ஆரம்பித்துவிட்டார். மல்லாட்டை (வேர்க்கடலை) ஒரு தட்டு காலியானது.

ஆக, கும்பினிக்காரன் குருட்டாம்போக்கில் சுடவில்லை. தன் பீரங்கியால் எவ்வளவு தூரம் அதிகமாக எட்ட முடியுமோ அவ்வளவையும் கணக்குப் பண்ணி அளந்து எடுத்திருக்கிறான். நான் எழுதியதற்கு நேர் எதிர். ஒரு சொல்லின் பழைய பொருள் தெரியாததால் கெட்டிக்காரனைக் கிறுக்கன் ஆக்கிவிட்டேன். பயன் என்ன என்று கேட்டீர்களே, இதுதான்.

உடனே "நீ என்ன மொழியியல் படித்தவனா?" என்று சிலர் வருவீர்கள். இல்லை. "எல்லா ஆங்கிலச் சொல்லும் தமிழிலிருந்து போனதுதான்" என்று சொல்கிற கோஷ்டியும் இல்லை. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் இங்கிருந்து போனவை, சரி. ஆனால் 'கேஷ்' என்ற சொல்லுக்காக எங்கள் வீட்டு விருந்தில் ஒரு முறை சண்டையே நடந்தது. அது நம் 'காசு' என்றார் அப்பா. புதுச்சேரி மாமா பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிற சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்), விடுவாரா? அது பிரெஞ்சில் பணப்பெட்டியைக் குறிக்கும் 'கேஸ்' என்றார். பாயசம் ஆறிப்போனதுதான் மிச்சம். இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு. ஆங்கிலத்தில் இரண்டு 'கேஷ்' இருக்கிறது. ரொக்கத்தைக் குறிப்பது மாமாவுடையது. அந்தக் காலத்துச் சென்னையில் 80 சேர்ந்தால் ஒரு பணம் என்று புழங்கிய சின்னச் செப்புக்காசுக்கு ஆங்கிலேயர் வைத்திருந்த 'கேஷ்', போர்த்துகீசியர் வாய் வழியாகப் போன அப்பாவுடைய காசு. எழுத்தும் உச்சரிப்பும் ஒன்று, பிறந்த வீடு வேறு.

மலர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். கோயில் அலுவலகத்தில் 140 பிரதி மீதி இருந்தது. நானும் வாத்தியாரும் உட்கார்ந்து, திருத்தம் அடித்த துண்டுச்சீட்டை ஒவ்வொன்றிலும் பசை போட்டு ஒட்டினோம். மற்ற 360 பிரதி இருக்கிற வீடுகளில் கும்பினிக்காரன் இன்னும் குருட்டாம்போக்கில்தான் சுட்டுக்கொண்டிருக்கிறான்.